பச்சையாக்க வழி கேட்டவர்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் ஒன்றில், வீட்டுக் காற்றில் புகைத்துகள் எவ்வளவு என்று அளந்து நிற விளக்கால் காட்டும் கருவியைப் பொருத்தியிருந்தேன். அந்த வீட்டு அக்கா கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, இத பச்சையாக்க ஒரு வழி சொல்லுங்க. இல்லாட்டி இந்த லைட்ட அணைச்சிட்டுப் போங்க." நான் லைட்டை அணைத்துவிட்டு வந்தேன். முகப்பு விளக்கு மட்டும்தான் அணைந்தது. கருவி வழக்கம்போல அளந்தது, எண்கள் விடுபடாமல் வந்து சேர்ந்தன, கம்பனியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்ட இரண்டில் ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே பலமுறை சொல்லியாயிற்று.

இந்தக் கருவியில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. உள்ளே ஒரு சின்னக் காற்றாடி காற்றை இழுக்கும், அதில் லேசர் படும், துகள்கள் சிதறடிக்கும் ஒளியிலிருந்து பிஎம் 2.5, அதாவது நுரையீரலுக்குள் போகும் மிக நுண்ணிய துகள்களின் அளவு கணக்காகும். அதற்கேற்ப பச்சை, மஞ்சள், சிவப்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் 24 மணி நேர வழிகாட்டு அளவை ஒரு கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராமிலிருந்து 15க்கு இறக்கியது. லயத்துக் காம்பரா என்கிற ஒற்றை அறை வீட்டில், ஈரம் காயாத கவ்வாத்து மிலாறை, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சியை, அடுப்பில் வைத்தால் எங்கள் எண் 500ஐத் தாண்டும். விடியுமுன் ரொட்டி சுட அடுப்பு மூட்டியதிலிருந்து காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்வரை சிவப்பு. அந்தியில் மறுபடி சிவப்பு. நிறத்தைத் தீர்மானித்தவர்கள் அலுவலக அறையைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். அங்கே சிவப்பு எரிந்தால் யாராவது எழுந்து ஜன்னலைத் திறப்பார்கள்.

நானும் அதைத்தான் சொன்னேன்: ஜன்னலத் திறந்து பாருங்கக்கா. "தொறந்தா பின்பக்கத்துக் காம்பரா பொகையும் சேர்ந்து வருது தம்பி." முதுகோடு முதுகு ஒட்டிய லயம் அது. போதாததற்கு மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் கருவி பனித்துளியையும் துகளாக எண்ணிவிடும். ஈரப்பதத்துக்கென்று மென்பொருளில் ஒரு திருத்தம் இருந்தாலும், அடர்ந்த பனிக்கு அது ஈடுகொடுக்காது. இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுப்பு எரியும் நேரத்து எண்ணையும் "அதுவும் பனிதான்" என்று தள்ளியிருப்பார். சொல்லாதது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

லைட்டை அணைக்கச் சொன்னது மகளுக்காக. மூச்சு இழுப்புக்காரப் பிள்ளை. சிவப்பு வந்ததும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்கு, அதாவது வாசல் திண்ணைக்கு, போய்விடுகிறாளாம், மார்கழிக் குளிரில். உள்ளே புகை, வெளியே குளிர். இழுப்புக்கு எது கூடுதல் கேடு என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும், கருவி பொருத்த வந்தவன் அல்ல. மாமியார் வேறு, "ஒன் அடுப்ப பாத்து மெசினே பயப்படுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த லைட்டால் அந்த வீட்டுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அப்படியிருக்க அணைத்ததில் என்ன குற்றம்?

ஆனால் அவர் முதலில் கேட்டது வழி. அது ஏனோ எனக்கு இரண்டாவதாகவே காதில் விழுந்தது. புகைபோக்கி வைக்கலாம்தான். அதற்குத் தகரத்தை வெட்ட வேண்டும், கூரை தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டத்து மேலாளரான துரையிடம் கேட்க வேண்டும். தனி வீடு, 7 பேர்ச் காணி என்று எத்தனையோ வருடப் பேச்சு இருக்கிறது. அந்த லயத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. கேஸ்? சிலிண்டர் இருந்தது. அதன்மேல் பின்னல் துணி விரித்து, பிள்ளையின் ஸ்கூல் பேக்கை வைத்திருந்தார். 2022 நெருக்கடியில் கேஸுக்குப் பட்ட பாட்டுக்குப் பிறகு, விருந்தாளி வந்தால் தேத்தண்ணி வைக்க மட்டும் என்று ஆகிவிட்டது. எனக்கும் அதில்தான் தேத்தண்ணி வந்தது. கருவி பச்சையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

வேறொரு லயத்தில் ஒரு தாத்தா அந்த லைட்டை வைத்தே விறகு பிரிக்கப் பழகியிருந்தார். அடுப்புக்கு மேல் பரணில் காயவைத்த மிலாறு என்றால் சிவப்பு சீக்கிரம் இறங்குகிறது என்று அவராகவே கண்டுபிடித்து எனக்குச் சொன்னார். அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தாத்தா வேலையிலிருந்து நின்றவர், அடுப்படியில் உட்கார்ந்து பார்க்க நேரம் உண்டு. கொழுந்து நிறுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் வருகிற பொம்பளையிடம் விறகைப் பிரித்து ஆராயச் சொல்வதா? இப்படித்தான் எனக்குப் பதில் வருகிறது. அக்கா அதற்கு என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம். அந்தப் பதிலையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

விளக்கை அணைத்தால் காரணம் குறிக்க வேண்டும். "பாவனையாளர் கோரிக்கை" என்று போட்டேன், பொய்யில்லை. பிறகு புதிய மாதிரியைப் பற்றிய கூட்டத்தில், பாவனையாளர்கள் முகப்பு விளக்கை விரும்புவதில்லை, அணைக்க ஒரு பொத்தான் வைப்போம் என்று பேச்சு வந்தது. அதற்குக் காட்டிய பதிவுகளில் என்னுடையதும் ஒன்று. பொத்தான் நல்லதுதான், நானும் ஆதரித்தேன். அந்த அக்கா முதலில் கேட்டது வேறு என்பதையும் சொன்னேன். "சரி, அத எந்தக் காரணத்துக்குக் கீழ போடுறது?" என்று கேட்டார்கள். பட்டியலில் அதற்கு இடமில்லை. "வேறு" என்பதில் போட்டு ஒரு வரி எழுதியிருக்கிறேன். மாத அறிக்கையில் "வேறு" என்பதற்கு எண்ணிக்கை மட்டும்தான் வரும்.