நெருப்புக்கோழி முட்டை ஓட்டில் ஒரு சரம் மணி

போன செப்டம்பரில், பூப் பருவத்தில், நமக்வாலாந்து போயிருந்தோம். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு ஓரம் அது. மழை சொற்பம், கடற்காற்று மட்டும் ஓயாது. மணல்மேட்டுக்குப் பின்னால் காற்று அரித்த ஒரு பள்ளத்தில் பழைய சிப்பி ஓடுகள் வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடந்தன. நடுவே உளுந்து அளவில் வட்டமாக ஒன்று, மையத்தில் ஊசி நுழையும் ஓட்டையோடு. நெருப்புக்கோழி முட்டை ஓட்டில் செய்த மணி. படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இந்த நாட்டில் தொல்பொருளை அனுமதியில்லாமல் நகர்த்தக்கூடாது என்று 1999ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எடுத்திருக்க மாட்டேன். அது கிடக்கும் இடம்தான் அதன் பாதிக் கதை.

ஆனால் கேப் டவுனுக்குத் திரும்பிய பிறகும் அந்த மணி கண்ணைவிட்டு அகலவில்லை. இரும்பு இல்லாமல் அவ்வளவு சின்ன ஓட்டையை எப்படிப் போட்டார்கள்? செய்துதான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். இப்போது மூன்று மாதம் ஆகிறது.

இந்த மணிகளின் அளவை வைத்து ஒரு நீண்ட வாதம் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் நான் எதைத் தேடினேன் என்பது புரியும். கலஹாரி, நமீப், நமக்வாலாந்து ஆகிய வறண்ட பகுதிகளில் பல்லாயிரம் ஆண்டுகளாக வேட்டையாடியும் கிழங்கு, காய் சேகரித்தும் வாழ்ந்தவர்கள் இந்த மணிகளைச் செய்தார்கள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே செம்மறி ஆடு வந்து சேர்ந்தது. செம்மறிக்கு இந்த மண்ணில் காட்டு மூதாதை கிடையாது. அதனால் நமக்வாலாந்துக் கடற்கரையில் ஸ்பூக்ரிவியர் குகையில் கிடைத்ததுபோல ஓர் ஆட்டெலும்பு அகப்பட்டாலே, அது வடக்கேயிருந்து கைமாறியோ மந்தையோடோ வந்ததுதான். ஆடு வந்ததா, ஆட்டோடு ஆளும் வந்தாரா என்பதுதான் கேள்வி. 1987இல் லியோன் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் நமீபியாவின் மணிகளை வைத்து ஒரு கருத்தைச் சொன்னார்: வேட்டைக்காரர்களின் மணி சிறியது, மந்தை மேய்த்தவர்களின் மணி பெரியது. சுமார் 7.5 மில்லிமீட்டரை எல்லைக்கோடாக எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு ஆட்டெலும்பு கிடைக்காத இடத்தில்கூட மணியை அளந்தே இது யாருடைய தங்கல் என்று முடிவு கட்டும் பழக்கம் வந்துவிட்டது.

எனக்கு அது உறுத்தியது. ஒரு மணியின் அளவு எந்தக் கட்டத்தில் தீர்மானமாகிறது என்பதைக் கையால் செய்தால் தெரிந்துவிடும் அல்லவா?

முட்டை கிடைப்பது சுலபம். இங்கே நெருப்புக்கோழிப் பண்ணைகள் உண்டு. உள்ளே காலி செய்த முட்டையை அலங்காரத்துக்கென்றே கடையில் விற்கிறார்கள். வாங்கிய ஓடு 270 கிராம் இருந்தது. துணியில் சுற்றித் தட்டினேன். கோழிமுட்டை மாதிரி நொறுங்கவில்லை, பீங்கான் தட்டு மாதிரிப் பிளந்தது. கனம் 2 மில்லிமீட்டர் இருக்கும். இந்த வலுவினால்தான் முழு முட்டையைத் தண்ணீர்க் குடுவையாகவும் வைத்திருந்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப்பிலுள்ள டீப்க்லூஃப் பாறைக்குடிலில் கோடு கீறிய ஓட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன, சுமார் 60,000 ஆண்டுப் பழமை.

துளைப்பதற்குத் தமரூசி வேண்டும். வெங்கச்சங்கல்லை உடைத்துக் கூரான சில்லுகளைப் பொறுக்கினேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உடைத்தேன், சில்லு கண்ணுக்குத்தான் முதலில் வரும். இருபது சில்லில் மூன்றுதான் உருப்படியாகத் தேறின. ஒரு முழ நாணல் தண்டின் நுனியைப் பிளந்து, சில்லைச் செருகி, நூல் சுற்றி, குங்கிலியமும் தேன்மெழுகும் உருக்கி ஒட்டினேன். மத்துக் கடைவதுபோல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். முதல் நாளே கொப்புளம்.

முதல் தவறு, ஓட்டின் வெளிப்பக்கத்தில் துளைக்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் வழவழப்பு, முனை நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. திருப்பி உட்பக்கம் வைத்தேன். லேசான குழிவில் முனை தானாகப் போய் உட்கார்ந்தது. உள்ளடுக்கு கொஞ்சம் மிருதுவும்கூட. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டேன். தூசி பறக்காது, மூச்சுக்கும் நல்லது. பழைய மணிகளிலும் பெரும்பாலும் உள்ளிருந்தே துளைத்திருப்பதன் காரணம் விரல்நுனிக்குப் புரிந்தது.

அடுத்தது மறுபக்கம் முனை வெளிவரும் தருணம். அழுத்தம் கொஞ்சம் கூடினால் வெளிப்பக்கம் பொரிந்து போகிறது, இல்லாவிட்டால் துண்டே இரண்டாகிறது. இதற்கு வழி கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. ஓட்டுத் துண்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே துளைக்க வேண்டும். நடுவில் மங்கலாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அதோடு நிறுத்திவிட்டு, திருப்பிப் போட்டு வெளிப்பக்கமிருந்து மெல்ல அகலப்படுத்த வேண்டும். அப்போது ஓட்டை உடுக்கை மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து நடுவில் ஒடுங்கியிருக்கும். முதலில் ஓர் ஓட்டைக்குக் கால்மணி நேரம் பிடித்தது. இப்போது ஆறேழு நிமிடம்.

துளைத்துவிட்டு விளிம்பைத் தட்டி வட்டமாக்குவதா, வட்டமாக்கிவிட்டுத் துளைப்பதா? இரண்டு முறைகளுக்கும் அகழ்விடங்களில் சான்று உண்டு. கேப் மேற்குக் கரையில் கீல்பெக் மணல்மேடுகளில் கிடைத்த அரைகுறை மணிகளைக் கேண்டல், கோனார்டு என்ற ஆய்வாளர்கள் கட்டம் கட்டமாக அடுக்கி 2005இல் எழுதியிருக்கிறார்கள். நான் இரண்டு முறையிலும் இருபது இருபது செய்தேன். முதலில் துளைத்ததில் ஒன்பது உடைந்தன. முதலில் வட்டமாக்கியதில் பதின்மூன்று. எண்ணிக்கையைவிட மனசுக்குப் பட்டது வேறு. கரடுமுரடான துண்டு துளைக்கும்போது உடைந்தால் ஐந்து நிமிட வேலை போகிறது, அவ்வளவுதான். பொறுமையாகத் தட்டி வட்டமாக்கிய துண்டு உடைந்தால் வயிறு எரிகிறது.

கோக்க நைலான் நூல் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். கலஹாரியில் வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்ந்துவந்த சான் மக்கள் நாருக்குப் பயன்படுத்தும் செடிகளில் ஒன்று நம் மருளுக்கு உறவான செடி. அதே இனத்தில் ஒன்று எங்கள் வீட்டு வராந்தாத் தொட்டியிலேயே இருக்கிறது. சங்கப் பாட்டு ஒன்றில் நடுகல்லுக்குச் சூட்டும் கண்ணியை மரல் நாரில்தான் தொடுக்கிறார்கள்; அந்த மரல்தான் மருள். மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு நாலு நாளில் வீடே நாறிய பிறகு ஊருக்குப் போன் செய்தேன்.

“ஊற வெச்சா நாறத்தான்டா செய்யும். பச்சையா பலகைல வெச்சு, மொக்கைக் கத்தியால சீவு. வெள்ளையா வரும்” என்றார் அம்மா.

வந்தது. பட்டு மாதிரி. தொடையில் வைத்து இரண்டு இழையாக முறுக்கினேன். ஆனால் என் முறுக்கு தடி, ஓட்டை நடுவில் ஒடுங்கல். பாதி மணியில் நுழையவில்லை. மறுபடி எல்லா ஓட்டையையும் பெரிதாக்கினேன். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் திரும்ப வருகிறேன்.

பதினெட்டு மணியை நெருக்கிக் கோத்து, இரண்டு பக்கமும் முடிச்சிட்டு, மணற்கல்லில் போட்ட காடியில் தண்ணீர் விட்டு உருட்டித் தேய்த்தேன். தொடங்கும்போது விட்டம் 9 மில்லிமீட்டருக்கு மேலே, ஒன்றுக்கொன்று கோணல்மாணல். முதல் ஒரு மணி நேரம் கரகரவென்று சத்தம். பிறகு சத்தம் மெல்ல மாறி, ஈர அம்மியில் விழுது அரைக்கும் வழவழப்பு கைக்குத் தெரிந்தது. எடுத்துக் கழுவினால் பதினெட்டும் ஒரே உருளை! வெர்னியரில் ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் 7.8க்கும் 8க்கும் இடையில். இன்னும் இரண்டு நாள் தேய்த்தேன், 6.5க்கு வந்தது. அதற்குமேல் போக முடியவில்லை. நூலுக்காக நான் பெரிதாக்கிய ஓட்டை இப்போது மணியின் பாதியைத் தின்றுவிட்டது. மூன்று மணிகள் வளையம்போல மெலிந்து காடியிலேயே உடைந்தன.

எனக்குக் கிடைத்த பதில் அங்கேதான் இருந்தது. மணி எவ்வளவு சிறிதாகலாம் என்பது தேய்க்கும்போது தீர்மானமாவதில்லை. ஓட்டையில் தீர்மானமாகிறது, ஓட்டை நூலைப் பொறுத்தது. நமக்வாலாந்தில் பார்த்த உளுந்து அளவு மணியைச் செய்தவர், முதல் சுற்றுச் சுற்றும்போதே மெல்லிய முனையையும் மெல்லிய நூலையும் கையில் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, ஒரு சரத்திலுள்ள மணிகள் எல்லாம் சேர்ந்தே ஓர் அளவுக்கு வருகின்றன. ஓர் அகழ்குழியில் ஒரே அளவில் பதினைந்து மணி கிடைத்தால், அது ஒரு சமூகத்தின் வழக்கமாக இருக்கலாம். ஒரே ஒருவரின் ஒரு வார வேலை அறுந்து சிதறியதாகவும் இருக்கலாம். பெரிய மணியைப் பார்த்ததும் “இங்கே ஆட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்” என்று சொல்ல எனக்கு இனி நாக்கு எழாது.

2019இல் ஜெனிபர் மில்லர், எலிசபெத் சாசக் என்ற ஆய்வாளர்கள் முப்பது இடங்களிலிருந்து, கடைசி 10,000 ஆண்டுகளுக்குள் வரும் 1,200 மணிகளை அளந்து வெளியிட்டதை இப்போது மறுபடி படித்தேன். 2,000 ஆண்டுகளுக்கு முன்பு தெற்கே பெரிய மணிகள் வந்து சேர்கின்றன, உண்மை. ஆனால் சின்ன மணி மறையவில்லை, இரண்டும் கூடவே தொடர்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவிலோ மந்தை வந்த பிறகும் அளவு மாறவே இல்லை. ஆள் யாருமே வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெரியவர்களான பிறகும் பாலைச் செரிக்கவைக்கும் கிழக்கு ஆப்பிரிக்க மரபணு மாற்றம் இந்தப் பகுதியில் மந்தை மேய்த்தவர்களின் வழிவந்த இன்றைய நாமா மக்களிடம் இருக்கிறது. சிலர் வந்தார்கள், கலந்தார்கள். ஆடும் மணியும் கைமாறிக் கைமாறியும் பயணப்பட்டன என்றே நினைக்கிறேன். மணிக்கு அந்தப் பயணம் புதிதும் அல்ல. நெருப்புக்கோழியே இல்லாத லெசோத்தோ மலைக்குடில்களில் கிடைத்த மணிகளில் சில 300 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவை என்று, இடத்துக்கு இடம் மண்ணில் மாறுபடும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் அவற்றில் இருந்து காட்டிக்கொடுத்தது. அவற்றில் பழையது 33,000 ஆண்டுக்கு முந்தையது. கலஹாரியில் சான் மக்களில் ஒரு பிரிவினரான ஜூஹோவான்சி மக்கள் அண்மைக் காலம்வரை மணிச்சரங்களைத் தூரத்து உறவுகளுக்குக் கொடுத்து வாங்கி, பஞ்சம் வந்தால் அந்த உறவின் இடத்துக்குப் போய்த் தங்கும் உரிமையைக் காத்துவந்தார்கள்.

இப்போதைய நிலவரம்: மூன்று சரமாகத் தேய்த்ததில் 41 மணி தேறி, ஒரே கோவையாகக் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்தது 5 மில்லிமீட்டருக்கு முயற்சி. முனைக்காக இன்னும் சன்னமான சில்லுகளை உடைத்து வைத்தாயிற்று. ஆறு ஓட்டை போட்டதில் நாலு நிற்கிறது. நாரை ஒற்றை இழையாக முறுக்கினால் தேய்க்கும்போது அறுந்துவிடுகிறது. அதற்கு என்ன செய்வது என்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்க வேண்டும்.