ஐந்து வெள்ளாட்டுக்கடா குறைகிறது

வேதாகமத்தைக் கையால் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறேன். அதில் எண்ணாகமம் 7-ஆம் அதிகாரம் முடிந்துவிட்டது என்று நினைத்து நோட்டை மூடினேன். தொழில் பழக்கம் விடவில்லை. கடைசியில் ஒரு மொத்தம் எழுதியிருந்தால் அதைக் கூட்டிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. 88-ஆம் வசனத்தில் சமாதானபலிக்கு வந்த வெள்ளாட்டுக்கடா 60 என்று நானே என் கையால் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு நாள் காணிக்கையையும் விரல்விட்டுக் கூட்டினால் 55-தான் வருகிறது.

நம் கூட்டத்தில் வேதாகமத்தைக் கையால் எழுதுகிறவர்களுக்கு இந்த அதிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 89 வசனம். பலிபீடப் பிரதிஷ்டைக்கு இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரமும் கொண்டுவந்த காணிக்கை. கோத்திரத்துக்கு ஒரு தலைவன், நாளைக்கு ஒருவன், பன்னிரண்டு நாள். எல்லாரும் கொண்டுவந்தது ஒரே சாமான். 130 சேக்கல் (அவர்கள் எடை அளவு) வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன் தூபகரண்டி, அப்புறம் ஆடுமாடு. பேரும் நாளும் மாறும். மீதி எழுத்துக்கு எழுத்து அப்படியே. லேவியராகமத்தைத் தாண்டி வந்த நண்பர் ஒருவர் இங்கேதான் பேனாவை மூடிவைத்தார், இன்னும் திறக்கவில்லை.

நான் ஜனவரியில் ஆதியாகமத்தில் ஆரம்பித்தேன். நாளைக்கு 15 வசனம் என்று கணக்கு. மொத்தம் 31,102 வசனம், அப்படியானால் 5 வருஷம் 8 மாதம் ஆகும். நடுவில் கல்யாண வீடு, காய்ச்சல், அறுவடைப் பண்டிகை வேலை என்று பிந்தி, ஐப்பசி மழையோடுதான் எண்ணாகமத்துக்குள் நுழைந்தேன். 7-ஆம் அதிகாரத்துக்கு மட்டும் கணக்கை மாற்றினேன். அவர்கள் பன்னிரண்டு நாள் எடுத்தார்கள், நானும் பன்னிரண்டு நாள் எடுப்பேன், ஒரு நாளைக்கு ஒரு தலைவன். இது நல்ல யோசனை என்று பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். அந்தப் பெருமைக்குத்தான் இப்போது அடி.

தப்பு எங்கே என்று தேட ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏழாம் நாள். எப்பிராயீம் கோத்திரத்து எலிஷாமா. 53-ஆம் வசனத்தில் “ஐந்து ஆட்டுக்கடாக்களும், ஐந்து வெள்ளாட்டுக்கடாக்களும்” என்று இருக்க வேண்டும். என் நோட்டில் ஆட்டுக்கடாவுக்கு அடுத்து நேராக ஆட்டுக்குட்டிக்குப் போய்விட்டது. எப்படி நடந்தது என்று யோசித்தால் நடந்த நொடியே கண்ணில் தெரிகிறது. “கடாக்களும்” என்று எழுதி முடித்து, தலையை நிமிர்த்தி, அச்சுப் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தேடியிருக்கிறேன். கண்ணுக்கு முதலில் அகப்பட்டது இரண்டாவது “கடாக்களும்”. அங்கிருந்து மேலே போய்விட்டேன். முந்தின ஆறு நாளும் இதே இடத்தில் ஜாக்கிரதையாக இருந்தவன்தான். ஏழாம் நாள் மனப்பாடம் ஆகிவிட்டது என்ற நினைப்பு. 1 நாளாகமம் 7-ஐப் பார்த்தால் இந்த எலிஷாமா, மோசேக்குப் பிறகு இஸ்ரவேலை நடத்திய யோசுவாவுக்குத் தாத்தா. போயும் போயும் அவர் மந்தையிலா கைவைத்தேன்!

வீட்டம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே, “அஞ்சு கெடாவ எந்தச் சந்தைல கொண்டு வித்திய?” என்று கேட்டாள்.

கருவி பற்றி இங்கே கொஞ்சம் புலம்ப வேண்டும், ஏனென்றால் தப்பில் பாதிப் பங்கு அதற்கும் உண்டு. நான் முதலில் ஜெல் பேனாவில் எழுதினேன். எழுத்து அழகாக வரும், ஆனால் மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்திருக்கும்போது உள்ளங்கை பட்டால் இழுவிவிடும். மை பேனாவுக்கு மாறினால் 70 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளில் மறுபக்கம் ஊறுகிறது. ‘ண’கரம் ‘ன’கரம் ஆகிவிடுகிறது. பால் பாயிண்ட் ஊறாது, இழுவாது, ஆனால் அழுத்தி எழுத வேண்டும், கட்டைவிரல் மூட்டு வலி. கடைசியில் பால் பாயிண்டில்தான் நின்றிருக்கிறேன். கட்டைவிரல் வலித்தால் மனம் சுருக்கமாக முடிக்கப் பார்க்கும். ஏழாம் நாள் வலித்தது. சாக்கு என்று வைத்துக்கொண்டாலும் சரி.

தாளுக்கு, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்தில் ஒரு பைண்டிங் கடைக்காரர் லெட்ஜர் தாளை வெட்டி, நூல் தையல் போட்டு, காலிக்கோ துணி ஒட்டித் தருகிறார். பசை போட்டு ஒட்டிய நோட்டு வேண்டவே வேண்டாம், யாத்திராகமம் முடிவதற்குள் முதுகு பிளந்துவிடும். அடுத்த நோட்டுக்கு 90 ஜிஎஸ்எம் சொல்லிவைத்திருக்கிறேன். எழுதவேண்டியது உபாகமம், ஆனால் மனசு 119-ஆம் சங்கீதத்துக்குப் போய்விட்டது. 22 பகுதி, பகுதிக்கு 8 வசனம், ஆலெஃப், பேத் என்ற எபிரெயத் தலைப்பு எழுத்தையெல்லாம் சிவப்பில் போடலாம் என்று சிவப்பு மை வாங்கியே வைத்தாயிற்று. அங்கே போய்ச் சேருவதற்குள் மை காய்ந்துவிடும் என்று தெரியும்.

நான் எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறேன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அப்பா வைத்திருந்த பழைய பதிப்பு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. துதிக்கை போட்ட லை, ணை, னை எல்லாம் இருக்கும். முதல் இரண்டு மாதம் அதையும் அப்படியே வரைந்தேன். பிறகு பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்று விட்டுவிட்டேன். இதுவும் ஒரு பிரதியெடுப்பவன் செய்யும் மாற்றம்தான் என்பது இப்போது உறைக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பத்திரம் எழுதுவது என் தொழில். எங்கள் தொழிலின் உயிரே ‘மேற்படி’. ஒரு தடவை ஆளையும் சொத்தையும் விவரமாக எழுதிவிட்டால் அப்புறம் மேற்படியார், மேற்படி சொத்து, மேற்படி கிரயம். பழைய பத்திரங்களில் அந்தச் சொல்லைக்கூட எழுத மாட்டார்கள், ௸ என்று ஒரே சுழிப்பு. எண்ணாகமம் 7 என் கையில் வந்திருந்தால் முதல் நாள் வந்த நகசோனுக்கு மட்டும் விவரம் எழுதி, மற்ற பதினொரு பேருக்கும் ௸ போட்டு அரைப் பக்கத்தில் முடித்திருப்பேன். வாசகனுக்கு ஒரு தகவலும் குறையாது. தோலில் எழுதிய காலம், தாள்போல மலிவில்லை. அப்படியும் ஏன் போடவில்லை?

பிரசங்கத்தில் இதற்கு ஒரு பதில் சொல்வார்கள்: ஒவ்வொருவன் காணிக்கையையும் தேவன் தனித்தனியே மதிக்கிறார் என்று. கேட்டிருக்கிறேன், தலையாட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. எழுதும்போதுதான் ஆயிற்று. முதல் நாள் நகசோன் வருகிறார். யூதா கோத்திரம், ஆரோனுக்கு மைத்துனர், பிறகு மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்சவரலாற்றிலே இடம் பிடிப்பவர். பெரிய இடம். சேக்கல் ஏறக்குறைய 11 கிராம் என்று வைத்துக்கொண்டால் வெள்ளித்தாலம் ஒன்றரைக் கிலோ, தூபகரண்டி 14 பவுன். முதல் நாள் அதை எழுதும்போது எனக்கே பிரமிப்பு. பன்னிரண்டாம் நாள் நப்தலி கோத்திரத்து அகீரா வருகிறார். அதே 14 பவுன்தான். ஆனால் பாளயத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பதினொரு தடவை பார்த்துச் சலித்திருப்பார்கள். எழுதுகிற எனக்கே அகீராமேல் எரிச்சல். அந்த எரிச்சலோடு “நூற்றுமுப்பது சேக்கல்” என்று எழுத்து எழுத்தாகப் போட்டபோது, அகீரா கையில் இருந்த தாலத்தின் எடை நகசோன் தாலத்தைவிட ஒரு குன்றிமணியும் குறைவில்லை என்பது என் கட்டைவிரலுக்குத் தெரிந்தது. ௸ போட்டிருந்தால் அகீரா ஒரு சுழிப்பு. அவ்வளவுதான். எங்கள் சபையில் காணிக்கை வாசிக்கும்போது பெரிய தொகைக்குப் பேரும் ஊரும், கடைசியில் “மற்றும் பலர்” என்றும் வாசிக்கிற வழக்கம் உண்டு. அந்தப் பட்டியலை எழுதிக்கொடுப்பதே நான்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைப் பிரசங்கத்தில் கேட்டதில்லை. 84 முதல் 88 வரை வரும் மொத்தம். வெள்ளி 2,400 சேக்கல், பொன் 120 சேக்கல், இரண்டும் சரியாக வருகிறது. பன்னிரண்டு பேருக்கும் முழு விவரமும், கடைசியில் கூட்டுத்தொகையும் இருந்ததால்தான் என் திருட்டு பிடிபட்டது. ௸ போட்ட பத்திரத்தில் ஒரு இடத்தில் தப்பு நுழைந்தால் பன்னிரண்டு இடத்திலும் தப்பு, கண்டுபிடிக்க வழியே இல்லை. எழுதினவருக்கு நம்மைப் போன்ற ஆட்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சரி, திருத்துவது எப்படி? ஆரம்பத்தில் நான் வைத்த சட்டம்: ஒரு தப்பு வந்தால் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். ஆதியாகமத்தில் 11 பக்கம் கிழித்திருக்கிறேன். இந்தப் பக்கத்தைக் கிழித்தால் மறுபக்கத்து எட்டாம் நாள் கமாலியேலும் போவார். நூல் தையல், எதிர்த் தாளும் கழன்றுவரும். இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் கும்ரான் சுருள் நினைவுக்கு வந்தது. 1947-ல் சாக்கடல் பக்கத்துக் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருள், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலானது. அதில் 40-ஆம் அதிகாரம் 7, 8 வசனங்கள். எபிரெயத்தில் இரண்டு வசனமுமே “புல் உலர்ந்து பூ உதிரும்” என்றுதான் ஆரம்பிக்கும். எழுதியவர் முதல் “உதிரும்” முடித்து நிமிர்ந்திருக்கிறார், கண் இரண்டாவது “உதிரும்” மேல் விழுந்திருக்கிறது. நடுவில் உள்ளதெல்லாம் போயிற்று. என் கடாக்கள் போன அதே வழி! பிற்பாடு வேறொரு கை அதை வரிக்கு மேலேயும் ஓரத்திலேயுமாக நெருக்கி எழுதியிருக்கிறது. அந்தச் சுருளை யாரும் கிழிக்கவில்லை. தாண்டிப்போய் அவர் இறங்கிய இடம் எது தெரியுமா? நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும் என்ற வரி.

வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டது என்று 2 தீமோத்தேயு 3:16 சொல்கிறது. நம்புகிறேன். பிரதி எடுக்கிறவனின் கண்ணுக்கு அந்த உத்தரவாதம் கொடுத்ததாக எங்கேயும் இல்லை. சின்ன வயதில் இதை யாராவது சொல்லியிருந்தால் பயந்திருப்பேன். இப்போது பயம் இல்லை, ஏனென்றால் தப்பு எப்படி நடக்கிறது, எப்படிப் பிடிபடுகிறது என்று இரண்டையும் என் மேஜையிலேயே பார்த்துவிட்டேன். பிடிபடுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். சார்பதிவாளர் அலுவலகத்தின் பழைய கையெழுத்து நகலில் எழுதியவர், படித்தவர், ஒப்பிட்டவர் என்று மூன்று கையெழுத்து இருக்கும். நான் பதினோரு மாதமாக மூன்று பேராகவும் நானே இருந்திருக்கிறேன்.

இப்போது ‘படித்தவர்’ இடத்தில் வீட்டம்மா. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா புத்தகத்தை அவள் வாசிக்க, நான் நோட்டில் விரல் வைத்துப் போகிறேன். 53-ஆம் வசனத்தில் வரிக்கு மேலே, பொடி எழுத்தில், ஐந்து வெள்ளாட்டுக்கடாக்களையும் ஏற்றி, பக்கத்தின் அடியில் பத்திரத்தில் போடுவதுபோல “வரிக்கு மேல் சேர்த்தது 1” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. அவளும் போட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு மொத்தம் இடித்ததும் பின்னால் உள்ள மொத்தங்களையும் சோதிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. 1-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு கோத்திரத்து எண்ணிக்கையையும் கூட்டினேன்: 6,03,550. வசனத்தில் உள்ளதும் அதுதான். குஷியோடு 3-ஆம் அதிகாரத்துக்கு வந்தேன். லேவியர். அவர்களில் மூன்று வம்சம்: கெர்சோன் 7,500, கோகாத் 8,600, மெராரி 6,200. கூட்டினால் 22,300. என் நோட்டில் 39-ஆம் வசனத்து மொத்தம் 22,000.

முந்நூறு பேரைக் காணோம்! ஆடு போய் ஆளே போயிற்று என்று பதறி அப்பா புத்தகத்தைத் திறந்தால் அதிலும் அப்படியே இருக்கிறது. மற்ற பதிப்புகளிலும் அப்படியே. நான் செய்த தப்பு இல்லை.

விளக்கம் இரண்டு படித்தேன். எபிரெயத்தில் மூன்றுக்கும் ஆறுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். கோகாத்தின் எண்ணிக்கை 8,300 ஆக இருந்து, லாமெத் என்ற எழுத்து ஒன்று விழுந்து 8,600 ஆகியிருக்கலாம் என்பது ஒன்று. மொத்தம் 22,000-தான் சரி என்பதற்கு அடுத்த வசனங்களே சாட்சி: தலைப்பிள்ளை ஒருவனை மீட்க அவனுக்கு ஈடாக ஒரு லேவியன் என்பது கணக்கு; இஸ்ரவேலின் தலைப்பிள்ளைகள் 22,273, லேவியரைவிட அதிகமான 273 பேருக்குத் தலைக்கு 5 சேக்கல், ஆக 1,365 சேக்கல். பைசா சுத்தமாக வருகிறது. யூத ரபீமார் சொன்னது இன்னொன்று: அந்த 300 பேரும் லேவியரிலேயே தலைப்பிள்ளைகள், தாங்களே மீட்கப்படவேண்டியவர்கள், இன்னொருவனுக்கு ஈடாக நிற்க முடியாது, அதனால் மொத்தத்தில் சேர்க்கவில்லை. எனக்கு மனசு முதல் விளக்கத்தின் பக்கம் சாய்கிறது, சொந்த அனுபவம் அப்படி. அழகு என்று பார்த்தால் இரண்டாவதுதான்.

“மாத்தி எழுதப் போறியளா?” என்று வீட்டம்மா கேட்டாள்.

மாற்றவில்லை. 8,600 என்று இருந்ததை 8,600 என்றே விட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன். நாளைக்கு 8-ஆம் அதிகாரம், குத்துவிளக்கு. 26 வசனம்தான், அதில் கூட்டிப் பார்க்க எதுவும் இல்லை.