கழற்றுவதற்கு முன்

எஞ்சினை நிறுத்தியதும் எல்லாக் கியரும் சுலபமாக விழுந்தன. ஓடவிட்டால் முதல் கியரும் ரிவர்ஸும் கரகரவென்று அடம்பிடித்தன.

கொழும்பு பஞ்சிகாவத்தை கராஜில் நின்ற பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 கார். கியர்பொக்ஸையே இறக்க வேண்டும் என்று வேறெங்கோ சொல்லியிருந்தார்களாம்.

மெக்கானிக் பாஸ் அவசரப்படவில்லை. கிளட்ச் ஒயில் டப்பாவைத் திறந்து பார்த்தார், குறைந்திருந்தது. அப்புறம் அடியில் படுத்து, பெடலின் அழுத்தத்தை ஒயில் வழியாக வாங்கிக் கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் மெல்ல விலக்கினார்.

உள்ளே தேங்கியிருந்த ஒயில் வழிந்தது.

ஒயில் கசிந்ததால் பெடலை மிதித்தும் கிளட்ச் முழுதாக விலகவில்லை, அவ்வளவுதான். ஒரு கியர் மட்டும் கரகரத்தால், கியர் விழும்போது வேகங்களைச் சமப்படுத்தும் சிங்க்ரோவைச் சந்தேகிக்கலாம். ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கலாம்.

பில்லைப் பெரிதாக்காமல் காரணத்தைத் தேடுகிற இந்தக் கைகளைத்தான் நம்பி வண்டியை விடுகிறேன்.