சேறோடியும் ஒரு செம்புப் புளியங்கொட்டையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடினார்கள். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. கதையையும் மிருகங்களையும் நடத்துவது நான். இந்த நால்வரும் கூடினால் வழக்கமாகக் கீழ் வீட்டுக்காரர் மாடியேறி வந்து கதவைத் தட்டுவார். அன்றைக்கு மின்விசிறி சுற்றும் சத்தம் தனியாகக் கேட்டது. அந்த ஆட்டத்துக்காக நான் உருவாக்கிய சேறோடிக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டு முறை என் கண் முன்னாலேயே சப்பென்று செத்துப்போன மிருகம் அது. மூன்றாவது முறை நின்று விளையாடிய மகிழ்ச்சி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் களம். கோட்டை, நிலவறை, சுழல் படிக்கட்டு என்று வரைந்து வரைந்து எனக்கு அலுத்துவிட்டது. புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய் வற்றிக் கிடந்த ஒரு கோடையில் குமிழித் தூம்பு ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்மாய் நீரை வயலுக்கு விடும் பழைய மதகு அது. கண்மாயின் உள்ளே நீர் பிடிப்பில் கல்தூண்கள் நிற்கின்றன. அவற்றின் காலடியில் கல் தொட்டி. தொட்டியின் மேலே நீரோடித் துளை, கீழே தரையோடு ஒட்டிச் சேறோடித் துளைகள். மேல் துளையில் நீர் இறங்கும்போது கீழ்த் துளைகள் வழியே வண்டலும் கலங்கிச் சேர்ந்து போய்விடும். அங்கிருந்து கரைக்கு அடியில் சுருங்கை என்ற நிலத்தடிக் கால்வாய் ஓடி, மறுபக்கம் வயலில் திறக்கிறது. குனிந்து சேறோடித் துளைக்குள் கையை விட்டேன். வெளியே அனல் பறந்த நேரத்தில் உள்ளே ஈரக் குளிர்ச்சி இருந்தது. அந்தக் குளிர்ச்சியில் ஏதோ ஒன்று படுத்திருக்கிறது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். துளையின் பெயரே மிருகத்துக்கும் பெயர்.

விளையாட்டுக்காக எல்லாவற்றையும் பெரிதாக்கினேன். தூண்கள் பனை உயரம், தொட்டி 60 அடிச் சதுரம், சுருங்கை 5 அடி அகலம். மிருகத்துக்குக் கண் கிடையாது. விலாங்கின் வழுவழுப்பு, முதலையின் வாய். அளவு லார்ஜ், அதாவது 10 அடி இடத்தை அடைக்கும் உருவம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில்தான் ஆடுகிறோம், ஆகவே மிருகத்தின் வலிமையைக் குறிக்கும் சேலஞ்ச் ரேட்டிங்கை 5 என்று வைத்தேன். அதன் மதிப்பு 1800 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி. நான்காம் லெவல் பாத்திரங்கள் நான்குக்கு 1500 தாண்டினால் கடினம், 2000 தாண்டினால் உயிராபத்து என்பது புத்தகக் கணக்கு. நல்ல இடத்தில் நிற்கிறது என்று நம்பினேன். புத்தகத்தில் உள்ள ட்ரோல் என்ற அரக்கனின் உடம்பை அப்படியே எடுத்துக்கொண்டேன்: அடி படாமல் காக்கும் ஆர்மர் கிளாஸ் 15, உயிர்ப் புள்ளியான ஹிட் பாயின்ட் 84.

இரண்டாவது சுற்றில் செத்துவிட்டது.

காரணம் அன்று இரவு விதிப்புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. லார்ஜ் உருவம் 5 அடிச் சுருங்கைக்குள் நுழைந்தால் அது நெருக்கிக்கொண்டு நகர்கிறது என்று பொருள். தாக்கினால் அதற்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை பகடை உருட்டிச் சிறியதை எடுப்பது), அதைத் தாக்குகிறவர்களுக்கு அட்வான்டேஜ் (பெரியதை எடுப்பது). அதன் சொந்த வீட்டிலேயே அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறேன்! திருடன் பாத்திரத்துக்கு ஒவ்வொரு அடியிலும் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் சேதம் கிடைத்தது. மந்திரவாதியின் ஸ்கார்ச்சிங் ரே என்ற தீ மந்திரத்தின் மூன்று கதிரும் பட்டது. அலுவலக நண்பர்கள் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

இரண்டாவது முறை இணையவழியில் ஆடும் குழுவிடம் கொண்டுபோனேன். உடம்பு மிக மென்மை, நெருக்கடி அதைப் பாதிக்காது என்று ஒரு வரி சேர்த்தேன். ஆட்டம் நடத்துபவருக்கான டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டி நூலில் ரேட்டிங் 5-க்கு ஹிட் பாயின்ட் 131 முதல் 145 வரை என்று இருக்கிறது. நடுவில் 138 வைத்தேன். இந்த முறை ஆறு சுற்று நின்றது. ஆனால் அந்த ஆறு சுற்றும் ஒரே சுற்றுதான். அது கடித்தது, அவர்கள் வெட்டினார்கள், அது கடித்தது, அவர்கள் வெட்டினார்கள். ஒருவர் தன் முறை வரும்வரை கேமராவை அணைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹிட் பாயின்ட்டைக் கூட்டினால் மிருகம் பெரிதாவதில்லை, சண்டை நீளமாகிறது, அவ்வளவுதான். எத்தனை பேர் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் நானே பட்டபிறகுதான் எனக்கு உறைத்தது.

பிறகு இரண்டு வாரம் குறிப்பேட்டைத் தொடவில்லை. ஒருநாள் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது பொறி தட்டியது. சேறோடிக்குக் கண் இல்லை. சத்தம்தான் அதற்குக் கண். வௌவாலுக்கு விதியில் இருப்பதுபோலக் காது அடைத்துப்போனால் பிளைண்ட்சைட்டும், அதாவது கண் இல்லாமலே சுற்றியிருப்பதை அறியும் திறனும், போய்விடும் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அந்த வரி தாளிலேயே கிடந்தது, மேசைக்கு வரவில்லை. மேசையில் பேசினால் தொட்டிக்குள் பேசியதாகக் கணக்கு என்று வைத்தால்?

இங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்கியது. சத்தத்தை எண்ண வேண்டும், எண்ணுவது எல்லோருக்கும் கேட்க வேண்டும், ஆனால் எத்தனை என்று தெரியக்கூடாது. வீட்டில் புளி கொட்டை எடுத்த நாள் அது. ஒரு கிண்ணம் நிறையக் கொட்டை கிடந்தது. எவர்சில்வர் டம்ளரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதல் கொட்டை ணங்கென்று தூக்கிவாரிப் போட்டது. இரண்டு, மூன்று வரை சரி. ஐந்தாவது கொட்டை ஏற்கெனவே கிடந்த கொட்டைகள் மேல் விழுந்து மொத்தென்று அமுங்கியது. ஆபத்து ஏற ஏறச் சத்தம் இறங்குகிறது, அது கூடவே கூடாது. தாம்பாளத்தில் போட்டால் துள்ளிக் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது. கொட்டாங்குச்சியில் சத்தமே இல்லை. சோழியை வைத்துப் பார்த்தேன், சோழி அழகு. ஆனால் பக்கத்தில் பகடையும் உருளும்போது இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கிறது.

கடைசியில் பாட்டியின் பித்தளைச் செம்பு. வாய் சிறுத்து வயிறு பெருத்தது. அதில் நான்கு விரற்கடைத் தண்ணீர் ஊற்றிக் கொட்டையைப் போட்டேன். ளுப். கிணற்றுக்குள் கல் விழுகிற ஓசை. முதல் கொட்டைக்கும் எட்டாவது கொட்டைக்கும் ஒரே ஓசை, ஏனென்றால் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்கிறது. மேலிருந்து எட்டிப் பார்த்தாலும் இருட்டுதான் தெரியும். நான் இதுவரை செய்த ஆட்டக் கருவிகளில் இதற்கு ஈடு எதுவும் இல்லை, இதை எங்கும் பெருமையாகச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: கொட்டையை இரவு முழுவதும் தண்ணீரிலேயே விட்டால் ஊறிப் பருத்துவிடும். ஆட்டம் முடிந்த கையோடு வடித்துத் துடைத்து வெயிலில் போட வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. தங்கையை உட்கார வைத்து மூன்று மாலை சோதித்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு கொட்டை என்று வைத்தபோது ஒரு நிமிடத்தில் செம்பு நிறைந்தது, பிறகு அவள் பேசவே மறுத்துவிட்டாள். ஒருவர் ஒருமுறை வாய் திறந்தால், எவ்வளவு பேசினாலும், ஒரு கொட்டை என்று மாற்றினேன். ஆறு விழுந்தால் சேறோடி பாயும் என்றதும் அவள் ஐந்து வரை நிம்மதியாகப் பேசினாள். ஆகவே எல்லையை மறைத்தேன். இரண்டு நான்கு பக்கப் பகடைகளைத் திரைக்குப் பின்னால் உருட்டுகிறேன், கூட்டுத்தொகைதான் எல்லை. பெரும்பாலும் ஐந்தை ஒட்டி வரும். பதினாறில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டாவது கொட்டையிலேயே பாயும். அந்தப் பதினாறில் ஒரு பங்குதான் மேசையில் உட்கார்ந்திருப்பவர் முதுகைச் சில்லிட வைக்கிறது. பாய்ந்த பிறகு செம்பைக் காலி செய்து மறுபடி உருட்டுவேன்.

மிருகம் அடிக்கும் சேதத்தையும் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு சுற்றுக்கு 37 என்று வைத்திருந்தேன். 26 ஹிட் பாயின்ட் உள்ள மந்திரவாதியை அது ஒரே மூச்சில் சாய்த்துவிடும். தன் முறையில் கடியும் ஒரு நகமும் சேர்த்து 26, சத்தத்துக்குப் பாயும்போது வால் வீச்சு 11 என்று உடைத்தேன். ஒற்றை மிருகம் நால்வருக்கு நடுவில் எப்போது வேண்டுமானாலும் அசைகிறது என்ற பயம், அதற்கென்றே விதியில் உள்ள லெஜன்டரி ஆக்‌ஷன் எதுவும் எழுதாமலே கிடைத்துவிட்டது.

பேசாமல் எப்படி ஆடுவது என்று கேட்பீர்கள். சிலேட்டு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள கடையில் நான்கு சிலேட்டும் ஒரு டப்பா பலப்பமும் வாங்கினேன். அந்தக் கடைக்காரர் பலப்பத்தை உடையாமல் மரத்தூளில் புதைத்துக் கொடுத்தார். இணையத்தில் வாங்கிய ரெசின் பகடைகளின் கதை வேறு. இருபது பக்கப் பகடையை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுண்டினால், எத்தனை முறை சுண்டினாலும் 3 என்ற முகமே மேலே வருகிறது. உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது. திருப்பி அனுப்பக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அத்தை பிள்ளைகள் மூவர், அவர்களின் நண்பர் ஒருவர். செம்பில் முதல் கொட்டை விழுந்ததும் போர்வீரன் ஆடிய சின்னவன், “அண்ணா, அது என்ன?” என்றான். பதில் சொல்லாமல் இரண்டாவது கொட்டையைப் போட்டேன். அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அதோடு கூடம் அடங்கியது. சிலேட்டில் பலப்பம் கிறீச்சிட்டபோது நால்வரும் என் கையைத்தான் பார்த்தார்கள். அதை நான் எண்ணவில்லை. சமையலறையில் குக்கர் விசில் வந்தது. அதை எண்ணினேன். ளுப். பெரியவள் எழுந்து, பாதம் தரையில் படாததுபோல் நடந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அம்மா ஒன்றும் புரியாமல் கதவோரம் நின்றார்.

பூசாரி பாத்திரம் ஆடுபவர் சத்தத்தை அடக்கும் சைலன்ஸ் மந்திரம் போடுவார் என்று எனக்கு முன்பே கவலை இருந்தது. போட்டார். நான் தடுக்கவில்லை. 20 அடி ஆர வட்டம், போட்ட இடத்திலேயே நிற்கும், கூட வராது. 60 அடித் தொட்டியில் அது ஒரு தீவு. அதற்குள் நின்றால் சேறோடிக்குத் தெரியாது, ஆனால் ஓதிச் செய்யும் எந்த மந்திரமும் அங்கே நடக்காது. மந்திரவாதி வட்டத்தின் விளிம்புக்கு வந்து வெளியே ஒரு கால் வைக்கலாமா என்று சிலேட்டில் எழுதி, அழித்து, மறுபடி எழுதினார்.

முடிவு என்னிடமிருந்து வரவில்லை. நெருக்கடி அதைப் பாதிக்காது என்ற அந்த வரியை மூன்றாவது வடிவத்தில் எடுத்துவிட்டிருந்தேன். திருடன் ஆடியவள் ஒரு சிலேட்டில் சுருங்கையைப் படம் வரைந்து, உள்ளே ஒரு பானையை வரைந்து, அதை எறிவதுபோல் சைகை காட்டினாள். பானை சுருங்கைக்குள் உடைந்தது. அந்த ஓசைக்கு மூன்று கொட்டைகளைச் சேர்த்துப் போட்டேன். சேறோடி பாய்ந்து, தானே போய் 5 அடிக்குள் நெருக்கிக்கொண்டது. முதல் முறை என்னைக் கவிழ்த்த அதே விதி! நால்வரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு எழுந்தார்கள், முக்கால் மணி நேரச் சத்தமும் அப்போதுதான் வெளியே வந்தது. கீழ் வீட்டுக்காரர் வந்தார்.

மிருகத்துக்கு உருவம் செய்ய வேண்டும். நான் பிசைந்த களிமண் காய்ந்ததும் கழுத்தில் வெடித்துவிட்டது. மதுரைப் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களிடம் மூன்று அங்குலத்தில் ஒன்று கேட்கலாம் என்று இருக்கிறேன். இந்த ஆட்டத்தின் பழைய மிருகங்களான ஆந்தைக்கரடியும் ரஸ்ட் மான்ஸ்டரும், ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளை ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் மேசையில் வைத்து ஆடியதிலிருந்து பிறந்தவை. பொம்மைக்காரர் கைக்கு வருகிறபடி விட்டுவிட்டால் சேறோடிக்கு நான் நினைக்காத கால் ஒன்றோ கொம்பு ஒன்றோ முளைக்கலாம். முளைக்கட்டும், அதற்கும் ஒரு விதி எழுதிக்கொள்கிறேன். ஆட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பு 2023-இல், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டதால் மிருகத்தின் முழுத் தாளையும் தமிழிலேயே எழுதிப் பொதுவில் வைக்கவும் எண்ணம்.

ஆனால் சாகசம் பாதிதான் முடிந்திருக்கிறது. சேறோடி செத்தால் அது அடைத்துக்கொண்டிருந்த துளை திறந்துகொள்கிறது, தொட்டிக்குள் நீர் ஏறுகிறது. ஒரு சுற்றுக்கு ஓர் அடி என்று வைத்தேன். தங்கை அது வேகம் என்கிறாள். மேலே நீரோடியில் இன்னொன்று இருக்கிறது, அதற்குக் கண் உண்டு, காது இல்லை. அதற்குச் செம்பு உதவாது. கூடத்து விளக்கை அணைத்து ஒரே ஒரு அகல் மட்டும் வைத்துப் பார்க்கலாமா என்று யோசனை. எண்ணெய் எவ்வளவு ஊற்றினால் முக்கால் மணி நேரம் எரியும் என்று இன்று இரவு அளக்கப்போகிறேன். கொட்டைகள் மொட்டைமாடியில் காய்கின்றன.