இபெலினும் என் சித்தியும்

மார்ச் 3, திங்கள்

மட்ஸ் ஸ்டீன் பற்றிப் படித்துக்கொண்டிருந்ததில் தூக்கம் போய்விட்டது. நார்வேக்காரர். டூஷேன் தசைச்சிதைவு நோய். சின்ன வயதிலேயே சக்கர நாற்காலி, கடைசி வருடங்களில் விரல்கள் அசைந்தால் உண்டு. 2014 நவம்பரில், 25 வயதில் இறந்துபோனார். நட்பு, காதல் எதுவும் கிடைக்காமலே பிள்ளை போய்விட்டான் என்றுதான் பெற்றவர்கள் அழுதிருக்கிறார்கள். மகனுடைய வலைப்பூவில் மரணச் செய்தியைப் போட்டு, தன் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார் அப்பா. பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் மட்ஸின் பெயர் இபெலின். கட்டுமஸ்தான துப்பறிவாளன், பெண்களிடம் குறும்பாகப் பேசுகிறவன். கூட விளையாடிய நெதர்லாந்துப் பெண்ணின் கணினியை வீட்டில் பிடுங்கி வைத்தபோது, அவளுடைய பெற்றோருக்கு மட்ஸ் கடிதம் எழுதியிருக்கிறார். தன் நோயை மட்டும் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை. அவருடன் சேர்ந்து விளையாடிய 'ஸ்டார்லைட்' குழுவினர் சிலர் ஓஸ்லோவுக்கே வந்து இறுதிச் சடங்கில் நின்றார்கள்.

இபெலினைப் பொய் என்று எப்படிச் சொல்வது? உடம்பு பொய். அந்தக் கடிதத்தை எழுதிய மனசு மட்ஸுடையதுதானே!

மார்ச் 5, புதன்

சித்தி ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் நாலு பேர் கூடினால் அவர் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார். ஏதாவது கேட்டாலும், "எனக்கென்ன தெரியும், உங்க சித்தப்பாவைக் கேளு" என்பார்.

இணையத்தில் இருக்கும் மாடித்தோட்டக் குழுவில் அவரைப் பார்க்க வேண்டுமே! பெயரும் வேறு, படத்தில் ஒரு செம்பருத்தி. நேற்று ஒருவர் கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி என்று படம் போட்டிருந்தார். சித்தியின் பதில்: "இலையைத் திருப்பி அடிப்பக்கம் படம் எடுத்துப் போடுங்க. வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கற இடத்தைப் பழைய பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துடுங்க. அப்புறம் வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புத் தண்ணியில கரைச்சு சாயங்காலமா தெளிங்க. உச்சி வெயில்ல தெளிச்சா இலை கருகிடும்." மறுத்துப் பேசிய ஒருவரைப் பொறுமையாக, ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமல் மடக்கியும் விட்டார். இந்தச் சித்தியை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. நாங்கள் கேட்டதே இல்லை, அதுதான் காரணம்.

மார்ச் 6, வியாழன்

அலுவலகத்தில் மட்ஸைப் பற்றிப் பேச்சு வந்தது. "முகமூடி போட்டாலே ஏமாத்துதான்" என்றார் ஒருவர். அவர் பயம் நியாயம். 2011-ல் சிரியாவின் டமாஸ்கஸிலிருந்து வலைப்பூ எழுதும் தன்பால் ஈர்ப்புள்ள பெண் 'அமினா' கடத்தப்பட்டாள் என்று உலகமே பதறியது. கடைசியில் பார்த்தால் எழுதியது எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த 40 வயது அமெரிக்க ஆண். போட்டிருந்த படங்களோ லண்டனில் இருந்த வேறொரு பெண்ணுடையவை. சிரியாவில் நிஜமாகவே ஆபத்தில் இருந்தவர்களின் வாழ்க்கையை அவர் எடுத்து உடுத்திக்கொண்டார். மட்ஸ் யாருடையதையும் எடுக்கவில்லை. ரெண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

குழுவினர் நேரில் சந்தித்து விதை மாற்றிக்கொள்ளப் போகிறார்களாம். "நான் போய் என்னத்தப் பேசப்போறேன்டி" என்று சித்தி தயங்கினார். அவர் எழுதிய பதில்களையே எடுத்து வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் நான் பேசட்டுமா என்றேன்.

"வேண்டாம், நானே சொல்லிக்கறேன். நீ சின்னக் காகித உறை கிடைச்சா வாங்கிட்டு வா. அவரை விதை நிறைய இருக்கு."