பாட்டியின் கையில் இருந்த தழும்பு

இன்று வேலூர் வெயிலில் நடந்தபோது பாட்டியின் நினைவு வந்தது. அவர் புஜத்தில் இரண்டு வட்டத் தழும்புகள் இருந்தன. பெரியம்மை வராமல் தடுக்க அம்மை குத்திய அடையாளம்.

அந்தத் தழும்புக்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரிகளின் நீண்ட சண்டை ஒன்று உண்டு. குத்திய குழந்தையின் கொப்புளத்திலிருந்து எட்டாம் நாள் அம்மைப்பால் என்ற நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவதே நிச்சயமாகப் பலிக்கும் என்றது ஒரு தரப்பு. அதில் மேகநோய் (சிபிலிஸ்) பரவும், கன்றுக்குக் குத்தி அதன் கொப்புளத்திலிருந்து எடுப்பதே பாதுகாப்பு என்றது மறுதரப்பு. கன்றிலிருந்து எடுத்த அம்மைப்பாலோ நம் வடாற்காட்டு வெயில் போன்ற வெப்பத்தில் வீரியம் இழந்துவிடும். அதைக் காக்கவே சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டபிள்யூ.ஜி. கிங் கம்பளிக் கொழுப்பான லானோலினில் குழைத்துப் பார்த்தார். 1899-இல் தொடங்கிய சென்னை கிண்டி தடுப்பு மருந்து நிலையத்துக்கு (கிங் இன்ஸ்டிடியூட்) அவர் பெயர்தான்.

எனக்கு வலிப்பது, எத்தனை பேருக்குக் குத்தியது பலித்தது என்ற வெற்றிக் கணக்குதான். குத்தியவரே கொப்புளம் எழும்பியதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதினால் அந்த எண்ணை எப்படி நம்புவது? தன் குழந்தையின் கையைக் கீறி, பிற பிள்ளைகளுக்கு அம்மைப்பால் எடுக்க வருகிறார்களே என்று பயந்து ஒளித்துவைத்த தாயை மூடநம்பிக்கைக்காரி என்று எழுதியவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

பாட்டி தழும்பைத் தடவியபடி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். இரண்டையும் அவர் நம்பினார்.