எங்கள் கவுன்சில் கூட்டத்துக்குப் போலீஸ் வரத் தொடங்கியது எப்படி

ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு ஊருக்கும், பெரிய நகரம் என்றால் ஒவ்வொரு பேட்டைக்கும், கம்யூனிட்டி கவுன்சில் என்று ஒன்று இருக்கலாம். 1973-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் பிறந்த அமைப்பு இது. நாடு முழுக்கச் சுமார் 1,200 இருக்கின்றன. நம்மூர் ஊராட்சியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வரி போட முடியாது, கான்ட்ராக்ட் விட முடியாது, உறுப்பினர்களுக்குச் சம்பளமும் கிடையாது. கட்டட அனுமதி மனுக்களில் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு. மற்றபடி பேச்சும் கடிதமும்தான். எங்கள் பகுதிக் கவுன்சிலுக்கு நான் செயலர். போட்டியெல்லாம் இல்லை, யாராவது ஒருவர் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதியாக வேண்டுமே!

மாதாந்தரக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ‘போலீஸ் அறிக்கை’ என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். ரொம்ப காலமாக அதன் கீழே மினிட்ஸில் நான் எழுதியதெல்லாம் ‘காவலர் வர இயலவில்லை’ என்பதுதான். அபூர்வமாக வந்தாலும் திருட்டு இத்தனை, சேதப்படுத்தல் இத்தனை என்று ஒரு தாளைப் படித்துவிட்டு, கேள்வி கேட்க ஆரம்பிக்கும்போது வாக்கி டாக்கி கரகரக்க, எழுந்து போய்விடுவார். கூட்டத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு இதற்கு ஒரே விளக்கம்தான். 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி எட்டு பிராந்தியக் காவல் படைகளை ஒன்றாக்கி ‘போலீஸ் ஸ்காட்லாந்து’ என்று ஆக்கினார்களே, அன்றோடு எல்லாம் போச்சு. அதற்கு முன்னால் தெருக் காவலரின் பெயர்கூடத் தெரியும் என்பார்கள். கொஞ்சம் உண்மை, கொஞ்சம் பழங்காலத்து ஏக்கம்.

ஓர் உறுப்பினர் முறைப்படி புகார் கொடுக்கலாம் என்றார். புகார் கொடுத்தால் பதில் வரும், ஆள் வரமாட்டார் என்பது என் கணக்கு. அதனால் முதலில் சட்டத்தைப் படித்தேன். அந்த இணைப்புக்கு வழி செய்த 2012-ஆம் ஆண்டுச் சட்டம், காவல் பணி உள்ளூர் மக்கள் எளிதில் அணுகக்கூடியதாகவும் அவர்களோடு சேர்ந்து நடப்பதாகவும் இருக்க வேண்டும் என்று அடிப்படைக் கொள்கையாகவே சொல்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதிக்கும் ஒரு தளபதி, ஒரு உள்ளூர் காவல் திட்டம், அதற்கு மாநகர அல்லது மாவட்டக் கவுன்சிலின் ஒப்புதல் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் கம்யூனிட்டி கவுன்சில் கூட்டத்துக்குக் காவலர் வந்தே தீர வேண்டும் என்று அதில் எங்கேயும் நான் பார்க்கவில்லை. ஆக, உரிமை என்று கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை இது. அவர்களுக்கும் பிரயோஜனமாக இருந்தால்தான் வருவார்கள்.

அப்புறம் பகுதிப் பொறுப்பில் இருக்கும் சார்ஜென்டிடம் நேரம் கேட்டு, தலைவரும் நானும் போய் உட்கார்ந்தோம். ‘ஏன் வருவதில்லை’ என்று ஆரம்பிக்கக் கூடாது என்று வழியிலேயே பேசி வைத்துக்கொண்டோம். ‘எங்கள் கூட்டத்தில் உங்களுக்கு என்ன கஷ்டம்’ என்றுதான் கேட்டோம். அந்த அம்மா மனம் விட்டுப் பேசினார். பகுதிக் காவலர்கள் ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்கள். எங்கள் கூட்டமோ எப்போதும் மாதத்தின் அதே கிழமை, அதே மாலை. பக்கத்துக் கவுன்சில்கள் பலவும் அதே கிழமையில்தான் கூடுகின்றன, ஓர் ஆள் எங்கே போவது? பெரிய கால்பந்து ஆட்டம், ஊர்வலம் என்று வந்தால் பகுதி வேலையிலிருந்து ஆளை இழுத்துக்கொள்வார்கள். 2021-இல் கிளாஸ்கோவில் காலநிலை மாநாடு நடந்தபோது நாடு முழுவதிலிருந்தும் போலீஸ் போனதை அவரே நினைவுபடுத்தினார். எங்களுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. அவர்களுடைய பீட் (ரோந்துப் பகுதி) எல்லையும் எங்கள் கவுன்சில் எல்லையும் ஒன்றல்ல. கூட்டத்தில் காவலர் படித்த எண்ணிக்கையில் பக்கத்துப் பகுதியின் பாதியும் சேர்ந்தே வந்திருக்கிறது!

அன்றைக்குப் பேசி முடித்தவை பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. போலீஸ் அறிக்கையை நிகழ்ச்சி நிரலில் முதல் வரியாக வைப்பது, காவலர் பேசி முடித்ததும் கிளம்பிவிடலாம். பக்கத்துக் கவுன்சில்களோடு பேசிக் கிழமையை மாற்றிக்கொள்வது. யாரும் வர முடியாத மாதத்தில் எழுத்து அறிக்கை மட்டும், கூட்டத்துக்குச் சில நாள் முன்பே வந்துவிட வேண்டும். அதில் சென்ற வருடம் இதே மாதத்து எண்ணிக்கையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பதிலுக்கு நாங்கள் கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். கிழமையை மாற்றுவதில்தான் சண்டை. வருடக்கணக்காக அதே நாளில் பழகிப்போன பெரியவர் ஒருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

வேலை செய்தது அந்தக் கேள்வித்தாள்தான். முன்பெல்லாம் கூட்டத்தில் எழும் கேள்வி ‘கார்கள் கண்மண் தெரியாமல் போகின்றன, ஏதாவது செய்யக் கூடாதா’ என்று இருக்கும். பார்க்கிறோம் என்பார் காவலர். வேறென்ன சொல்ல முடியும்? இப்போது கேள்வி அனுப்புகிறவரிடம் எந்த இடம், எந்த நேரம், எந்தத் திசை என்று நான் திருப்பிக் கேட்கிறேன். ‘தொடக்கப் பள்ளி வாசல், 20 மைல் வேக எல்லை உள்ள தெரு, காலை எட்டரையிலிருந்து ஒன்பது வரை, பூங்காப் பக்கமிருந்து மேட்டில் இறங்கும் வண்டிகள்’ என்று எழுதி அனுப்பினோம். இரண்டு காவலர்கள் ஒரு காலையில் வேகம் அளக்கும் கருவியோடு அங்கேயே வந்து நின்றார்கள். நிறுத்தப்பட்டவர்களில் சிலர் அதே பள்ளியில் பிள்ளையை விட வந்த பெற்றோர் என்று அடுத்த கூட்டத்தில் சொன்னபோது அறை கொஞ்ச நேரம் கப்சிப்.

கேள்விகளைச் சேகரிக்க ஆரம்பித்ததும் தெரிந்த இன்னொரு விஷயம், பாதிக் கேள்விகள் போலீஸுக்கானவையே இல்லை. நடைபாதையில் கார் நிறுத்துவதற்கு ஸ்காட்லாந்தில் தடை உண்டு. 2019 போக்குவரத்துச் சட்டத்தின் அந்தப் பகுதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அபராதம் போடுவது உள்ளாட்சி நிர்வாகம், காவலர் அல்ல. தெருவிளக்கு, குப்பை, நாய் கழிவு இவையும் அங்கேதான் போக வேண்டும். அவற்றைப் பிரித்து அந்தந்த அலுவலகத்துக்கு முன்பே அனுப்பிவிட்டால், காவலருக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரம் அவர் வேலைக்கே மிஞ்சுகிறது. தனிப்பட்ட வழக்கு, அண்டை வீட்டுத் தகராறு என்றால் கூட்டம் முடிந்து வராந்தாவில். சபையில் அவரால் பெயர் சொல்லிப் பேச முடியாது, பேசவும் கூடாது.

எங்கள் பகுதியில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். மாலையானால் பையன்கள் வந்து முட்டை எறிவது, கல்லாவில் நிற்கும் பெண்ணைக் கண்டபடி பேசுவது என்று ரொம்பத் தொல்லை. போலீஸுக்குச் சொன்னீர்களா என்றால், “போன் அடிச்சு என்ன தம்பி பிரயோசனம்? வந்து எழுதிக்கொண்டு போவினம், அவ்வளவுதான்” என்பார். அறிக்கையில் அந்தத் தெரு சுத்தமாக இருந்தது, ஏனென்றால் யாருமே 101-ஐ அழைக்கவில்லை. 101 என்பது அவசரமில்லாத விஷயங்களுக்கான எண். உயிருக்கு ஆபத்து, குற்றம் கண்ணெதிரே நடக்கிறது என்றால் 999. கடை ஊழியரைத் தாக்குவது, மிரட்டுவது, அவமதிப்பது 2021 ஆகஸ்டிலிருந்து இங்கே தனிக் குற்றம் என்று அவரிடம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அழையுங்கள், நிகழ்வு எண்ணைக் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் குறித்து வையுங்கள் என்றேன். அரைமனதாகத்தான் செய்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் லாட்டரி சீட்டுகளுக்கு நடுவே அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது. தேதி, நேரம், எண் என்று மூன்று கோடு போட்ட பத்தி.

அடுத்தடுத்த அறிக்கைகளில் அந்தத் தெருவின் எண்ணிக்கை ஏறியது. உறுப்பினர்கள் பதறிவிட்டார்கள், போலீஸ் வர ஆரம்பித்தபின் குற்றம் கூடிவிட்டதே என்று. குற்றம் கூடவில்லை, சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்று புரிய வைக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. எண்ணிக்கை ஏறியதால்தான் மாலை ரோந்து அந்தப் பக்கம் திரும்பியது, பகுதிக் காவலர் பையன்களின் பள்ளிக்கும் போய்ப் பேசினார். தொல்லை நின்றேவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது. அண்ணனும் இப்போது கூட்டத்துக்கு வருகிறார், பெரும்பாலும் தாமதமாக.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் ஆட்களைச் சார்ந்திருப்பதுதான். எங்களோடு பழகிய காவலர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு எங்கள் கவுன்சில் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அதனால் கூட்டத் தேதிகள், எல்லை வரைபடம், நடப்பில் இருக்கும் மூன்று நான்கு பிரச்சினைகள், கேள்வித்தாள் எப்போது வரும் என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஆள் மாறும்போதெல்லாம் அதை அனுப்பிவிடுகிறோம். உள்ளூர் காவல் திட்டத்தைப் புதுப்பிக்கும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். அதற்கும் இந்த மினிட்ஸ்களையே ஆதாரமாக வைத்து எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஸ்காட்லாந்தில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் பகுதிக் கவுன்சில் எது, எப்போது கூடுகிறது என்பது உள்ளாட்சி நிர்வாகத்தின் இணையதளத்தில் இருக்கும். கூட்டம் எல்லோருக்கும் பொது, விசா என்ன வகை என்று யாரும் கேட்க மாட்டார்கள். போலீஸ் அறிக்கை பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்துவிடும், அதனால் சரியான நேரத்துக்குப் போங்கள்.